அடுப்புக்கு அடியில் ஓர் ஆறு

ஊரில் பாதி வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டவன் நான். என் வீட்டுக் கொல்லையில் ஓர் அடுப்பு கட்ட எவனிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டும்? மனைவியிடம் இப்படித்தான் எகிறினேன். அவள் நகராட்சி அனுமதிப் படிவத்தையும் பேனாவையும் முன்னால் வைத்தாள்.

போன கோடையில் அவள் அடுப்படியில் மயங்கி விழுந்தாள். ஒற்றை ஜன்னல் உள்ள அந்த அறையில்தான் தினமும் நாற்பது பேருக்கு மதியச் சாப்பாடு சமைக்கிறாள். தண்ணீர் தெளித்து எழுப்பினால், கண்ணைத் திறந்ததும் கேட்கிறாள், "அடுப்ப அணைச்சீங்களா?" என்று. அடுத்த வெயிலுக்குள் கொல்லையில் காற்றோட்டமாக ஒரு சமையல்கட்டு கட்டித் தருவதாக அன்றைக்கே வாக்குக் கொடுத்தேன்.

படிவத்தில் ஆயிரம் நிபந்தனை. வேலியிலிருந்து ஐந்தடி தள்ளியிருக்க வேண்டும், மரக்கூரை கூடாது, கேஸ் குழாய்க்குத் தனி மனு. எதற்காகக் கட்டுகிறீர்கள் என்று ஒரு கேள்வி வேறு. 'சமைக்க' என்று எழுதினேன். பின்னே, துணி துவைக்கவா?

மூன்று வாரமாகப் பதிலே இல்லை. வெயில் ஏற ஆரம்பித்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையை எடுத்துவிட்டேன். அடுப்பு மேடைக்கு ஓரடி ஆழம் தாராளம். ஆனால் கொத்தனார் கை சும்மா இருக்குமா? மூன்றடி தோண்டியும் மனசு ஆறவில்லை. இன்னும் ஓரடியை மறுநாள் தோண்டிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

மறுநாள் காலை நகராட்சியிலிருந்து ஆய்வாளர் அம்மா வந்து நின்றார். என் மகள் வயதுதான் இருக்கும். குழியைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார், மறுபடி குழியைப் பார்த்தார். பிறகு ஆளுயர இரும்புக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து குழியின் நடுவில் ஊன்றி, மேல்முனையில் காதை வைத்தார். திட்டப்போகிறார் என்று நானும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"நீங்களே கேளுங்க ஐயா" என்றார்.

குழியில் இறங்கி வேண்டாவெறுப்பாகக் காதை வைத்தேன். முதலில் என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. அப்புறம் அது வந்தது. கனத்த, இடைவிடாத ஓட்டம். பல்லுக்குள் அதிர்ந்தது. பாதி ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும் தண்ணீராம். ஓர் ஆள் குனிந்து போகிற அகலத்துக்குக் குழாயாம். என் காலுக்குக் கீழே அரையடியில். இருபத்திரண்டு வருஷமாக இதன்மேல் துணி காயப்போட்டு, கட்டில் போட்டுப் படுத்து, வெறும் மண் என்று நினைத்திருக்கிறேன். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

மனைவியையும் இறக்கிக் கேட்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டாள்.

"எவ்வளவு பெருசா ஓடுது" என்றாள் மெதுவாக. பிறகு, "இது மேல அடுப்பு வேண்டாங்க. நான் உள்ளயே சமாளிச்சுக்கறேன்."

வேறு இடம் உண்டா என்று ஆய்வாளரைக் கேட்டேன். வரைபடத்தின்படி ஒரே ஓர் இடம்தான் தோதாக இருந்தது. அங்கே என் சாமான் கொட்டகை நிற்கிறது. நானே கட்டியது. அதிலிருந்து ஒரு கொத்துக்கரண்டியைக்கூட அவள் எடுக்க விட்டதில்லை நான்.

"கொட்டகைய பிரிச்சிடறேன்" என்றேன்.

மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஆய்வாளர் புதுப் படிவம் ஒன்றைக் கொடுத்து, இந்த வாரமே பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். குழி ஓரத்தில் உட்கார்ந்தே நிரப்பினேன். எதற்காகக் கட்டுகிறீர்கள் என்ற கேள்வி வந்தது. காதில் அந்த ஓட்டம் இன்னும் இருந்தது.

'என் மனைவி போன வெயிலில் விழுந்துவிட்டாள். இந்த வெயிலில் விழக் கூடாது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன்.