சிவந்த மஞ்சள் நீர்

அங்காளம்மாளின் கல்தோடு காணாமற்போன நாழிகையிலேயே தீர்ப்பு முடிந்துவிட்டது, விசாரணைதான் மிச்சமிருந்தது. அவள் கணவர் கைலாசம் ஆட்டையாம்பட்டியில் ஆறு தறிகளுக்கு உடையவர். கொட்டகையில் நெய்தவர்கள் மூவர். மாரியம்மன் பண்டிகைக்காக வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவள் கூலிக்காரி குப்பாயி. எல்லோர் கண்களும் சுவர்ப்பக்கமே திரும்பின. வாசற்படி தாண்ட அனுமதியில்லாதவள் உள்ளறைத் தோட்டை எப்படி எடுத்தாள் என்று கேட்க ஒரு நாக்கும் எழவில்லை.

பூசாரி வெள்ளியங்கிரி வந்து வெண்கலக் குண்டானில் மஞ்சளைக் கரைத்தார். களவாடிய கை பட்டால் அம்மன் நீரைச் சிவக்க வைப்பாள் என்றார். சிவந்தால் பொழுது சாய்வதற்குள் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று கைலாசம் விதித்தார். குப்பாயிக்கு உலகில் இருந்தவை ஒரு குடிசையும், போர்டு பள்ளியில் நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு மகளும். இரண்டும் அந்தக் குண்டானுக்குள் கிடந்தன.

நெசவாளர் மூவரும் கை நனைத்தனர். நீர் மஞ்சளாகவே நின்றது. குப்பாயி வேலையை நிறுத்தி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நனைத்தாள். அவள் விரல்களைச் சுற்றி நீர் சிவந்தது.

கூட்டம் மூச்சுவிட்டது. நினைத்தது சரியாயிற்று என்ற நிம்மதி அது!

அப்போதுதான் பள்ளிவிட்டு வந்தாள் மகள் சின்னாயி. அவள் தலையில் ஒரு காகிதப் பூ. மஞ்சள் தோய்த்த தாளில் சுண்ணாம்புத் தண்ணீரால் சிவப்புக் கரையிட்டு, அன்று வகுப்பில் செய்தது. குண்டானை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, யாருக்குங்க கண்ணாலம்? ஆலம் கரைச்சு வெச்சிருக்கீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. அங்கே நின்ற பெண்களில் ஆலம் கரைக்காதவள் உண்டா? மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பதை அறியாத அடுப்பங்கரை உண்டா? எத்தனை மணமக்களுக்கு அந்தச் செந்நீரைச் சுற்றிக் கொட்டியிருப்பார்கள்! அறிந்தே இருந்தார்கள். ஆனால் சந்தேகம் ஓர் ஏழையின்மேல் ஏறி அமர்ந்தபின், அறிந்ததும் மறந்துபோகிறது.

"சாமி, பேசாத இரு" என்று மகளை அடக்கினாள் குப்பாயி.

சின்னாயி கேட்கவில்லை. புளித்தண்ணீர் வேண்டும் என்றாள். அங்காளம்மாள் ஐயத்தோடு கொண்டுவந்து கொடுத்தாள். ஊற்றியதும் சிவப்பு கலைந்து மஞ்சள் திரும்பியது. பள்ளிக்கூடத்தில் சூனியம் கற்பிக்கிறார்கள் என்று பூசாரி சீறினார்.

அங்காளம்மாள் வேறொரு குண்டானில் புதிதாக மஞ்சள் கரைத்து அவர் முன் வைத்தாள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவித் தடவி வெளுத்திருந்த ஆட்காட்டி விரலை வெள்ளியங்கிரி உள்ளங்கைக்குள் மடக்கினார். அந்த மடக்கலைக் கைலாசம் கவனித்துவிட்டார். பூசாரியின் கையைப் பிடித்து, விரல்களைப் பிரித்து, நீரில் அமிழ்த்தினார். நீர் சிவந்தது.

"அப்பத் தோடு உங்ககிட்டத்தானுங்களா?" என்றான் நெசவாளன் மயில்சாமி.

பூசாரி துண்டை உதறிக்கொண்டு நடந்தார். கூட்டத்தில் பலர் தம் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோயினர். ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தனர். தோடு அன்று அகப்படவில்லை.

குப்பாயி ஊரைவிட்டுப் போகவேண்டியதில்லை என்றும், பாதிச் சுவர் பாக்கி நிற்கிறது, முடித்துவிட்டுப் போகலாம் என்றும் கைலாசம் தாராளமாகச் சொன்னார். குப்பாயி வெள்ளையடிக்கும் மட்டையைச் சுண்ணாம்புச் சட்டியில் போட்டு, சட்டியை அவர் காலடியில் வைத்தாள்.

"மீதிச் செவுத்துக்கு நீங்களே அடிச்சுக்குங்க. அப்புறம் கைய மட்டும் மஞ்சத்தண்ணிப் பக்கம் கொண்டு போயிராதீங்க."

மகளின் தலையில் சரிந்திருந்த பூவை நேராக்கிவிட்டு, தன் குடிசையை நோக்கி நடந்தாள்.