வடை இல்லாத ரெஸ்யூம்

தமிழ்ப் பெருமக்களுக்கு ஒரு மகத்தான அறிவிப்பு: மலேசியாவின் கிள்ளான் நகரத்துக் குணாளன் தமது ரெஸ்யூமை எழுதி முடித்துவிட்டார். கோயில் அன்னதானக் குழுத் துணைத்தலைவர் பதவி அதில் இருந்தது. மாலை போட்ட படமும் இருந்தது. பழைய கம்பெனி அவரை வேலையைவிட்டு அனுப்பிய பிறகு, பிரிக்ஃபீல்ட்ஸில் மனைவி லோகேஸ்வரியோடு வடை சுட்ட வருஷங்கள்தான் இல்லை. அந்த இடத்தில் 'ஆலோசகர்' என்று போட்டிருந்தார்.

ஒரு ஃபேக்டரியின் நேர்முகத் தேர்வில் மேனேஜர் பிரெண்டா அவரை உற்றுப் பார்த்தாள்.

"அங்கிள், வடைக்கடை அக்காவோட ஹஸ்பண்ட்தானே நீங்க? காலையில அங்கதான் வாங்குவேன் லா!"

"யாரும்மா அது? எனக்குத் தெரியாதே."

சொன்ன வாய் கூசியது. கழுத்து டையை அன்று காலை எண்ணெய்க் கை படாமல், விரல் நுனியால் சரிசெய்து அனுப்பியவள் லோகேஸ்வரி.

"சாரி அங்கிள். இந்த ஆபரேஷன்ஸ் மேனேஜர் வேலைன்னா எங்க ஃபேக்டரி கேண்டீனைப் பார்த்துக்கணும். கடை நடத்தின ஆள் வேணும். நீங்க ஆலோசகர்..."

குணாளன் டையைத் தடவினார். "பரவாயில்லைம்மா" என்று ரெஸ்யூமை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"என்னங்க கேட்டாங்க?" என்றாள் லோகேஸ்வரி, வீட்டில்.

"அனுபவம் பத்தலையாம்."

மறுநாள் காலை பிரெண்டா வடை வாங்க வந்தாள். குணாளன்தான் பொட்டலம் கட்டினார்.