எட்டு விநாடி

பிலிம் கழுவும் டாங்கில் டெவலப்பரை ஊற்றி மூடியதும் கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பத்தெட்டு டிகிரி, மூன்றே கால் நிமிடம். அரை நிமிடத்துக்கு ஒருமுறை டாங்கைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். சூடு கொஞ்சம் இறங்கினாலும் நிறம் கெட்டுவிடும் என்பதால் குளியலறையில் வெந்நீர் வாளிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு மாதமாகக் கேமராவுக்குள் கிடந்த பிலிம் அது.

நான் வாங்குவது வேகம் குறைந்த கலர் பிலிம்தான். வெளிச்சத்தை ஆற அமரத்தான் வாங்கிக்கொள்ளும். பதிலுக்கு, எவ்வளவு பெரிதாக்கினாலும் புள்ளி தெரியாது, புருவத்து முடியை எண்ணலாம். எதிரில் நிற்பவர் அசைந்தால் மட்டும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வேலையோ ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது. மூச்சை அடக்குங்க, அசையாதீங்க என்று சொல்லியே வயிறு வளர்ப்பவன். அங்கேயும் அதே பாட்டு, இங்கேயும் அதே பாட்டா என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். மகள் ஐந்து வயதில் எனக்கு வைத்த பெயர் ‘அசையாதே அப்பா’. ஆல்பம் முழுக்க அவள் கம்பம் மாதிரி நிற்கிறாள். முதல் சைக்கிள் படத்தில்கூட ஓட்டவில்லை, பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தபோது போகக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றேன். தனியாகப் போய் என்ன கிழிக்கப் போகிறாய் என்றும் கேட்டேன். அதை நினைத்தால் இன்றும் நாக்கு கூசுகிறது. பத்து நாள் பேச்சு வார்த்தை இல்லை. கிளம்பும் காலையில் மனைவிதான், ஒரு படமாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வாசலில் நின்ற காருக்குப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கூடத்தில் கேமராவை முக்காலியில் மாட்டி, சாத்திய வாசல் கதவுக்கு முன்னால் மகளை நிறுத்தினேன். வெளிர் மஞ்சள் சுடிதார். வெளியே மழை மூட்டம். வெளிச்சம் அளக்கும் மீட்டர் நான்கு விநாடி காட்டியது. நேரம் அவ்வளவு நீண்டால் இந்தப் பிலிம் மந்தமாகிவிடும், மீட்டர் காட்டுவதை இரட்டிப்பாக்க வேண்டும். எட்டு விநாடி. பையில் வேகமான பிலிம் போட்ட இன்னொரு கேமரா இருந்தது. கண் சிமிட்டும் நேரத்தில் எடுத்திருக்கலாம். புள்ளி புள்ளியாக வருமே என்று அதைத் தொடவில்லை.

ஷட்டர் திறந்திருக்கும் வரை கேமராவில் கண்ணை வைத்தால் இருட்டுதான் தெரியும். அதனால் குனிந்து, கைக்கடிகார முள்ளைப் பார்த்து எண்ணினேன். நான்கு எண்ணும்போது காலடிச் சத்தம் கேட்டது. எட்டு விநாடிகூட எனக்காக நிற்க முடியவில்லை, கிளம்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

“அசையாதேன்னு சொன்னேன்ல.”

தலையைத் தூக்காமலே கத்தினேன். எட்டு எண்ணி, ஷட்டரை மூடி நிமிர்ந்தபோது அவள் முதுகுதான் தெரிந்தது. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து தினமும் அம்மாவுக்குப் போன் செய்கிறாள். என்னோடு பேசுவதில்லை. போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போனவள்தானே முதலில் பேச வேண்டும் என்று நானும் வீம்பாக இருந்தேன். சுருளில் மிச்சம் இருந்த ஒன்பது படத்தை எடுக்க ஆறு மாதம் ஆயிற்று. வெளிச்சம் சரியாக இல்லையாம் எனக்கு.

கடைசி அலசல் முடிந்து, ஈரப் பிலிமைச் சுருளிலிருந்து உருவி ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். ஆரஞ்சு நிறப் பட்டையில் கூடம் தலைகீழ் நிறங்களில் தெரிந்தது. கதவின் ஒவ்வொரு ஆணியும் துல்லியம். கதவருகே மகள் லேசாக நின்றாள், அவள் ஊடே தாழ்ப்பாள் தெரிந்தது. மஞ்சள் சுடிதார் நெகட்டிவில் கருநீலமாகியிருந்தது. அந்தக் கருநீலம் புகை போல அங்கிருந்து கிளம்பி, வர வரப் பெரிதாகி, கேமராவை நோக்கி வந்திருந்தது. மிகக் கிட்டே, நான் கத்தியதும் நின்ற இடத்தில், கொஞ்சம் அழுத்தமாகப் பதிந்திருந்தாள். முகம் இல்லை. விரித்த இரண்டு கைகள் மட்டும் இருந்தன.

அவள் போகவில்லை. என்னிடம்தான் வந்திருக்கிறாள். பாவி, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சமையலறையில் போன் மணி அடித்தது. மகள் கூப்பிடும் நேரம். மனைவி, சாப்பிட்டாயா என்று கேட்பது காதில் விழுந்தது. பட்டையைக் கையில் பிடித்தபடியே போய்ச் சமையலறை வாசற்படியில் நின்றேன். மனைவி என்னையும், குளியலறையிலிருந்து தரையெல்லாம் சொட்டியிருந்த தண்ணீரையும் பார்த்தாள்.

“உங்கப்பா வந்து நிக்கிறாரு,” என்றாள் போனில். “ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாரு. அசையாம நிக்கிறாரு.”

மனைவி போனைக் காதிலிருந்து எடுத்து என் பக்கம் நீட்டினாள். அதன் சின்னத் திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.