படையலில் வைத்த பீச் பழம்

நான் அடுப்படித் தெய்வம். சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆகஸ்ட் வெயிலில், பட்டின் மேல் பட்டாக உடுத்திக்கொண்டு, தலை கொள்ளாத சவுரியைச் சுமந்தபடி, மூட்டாத அடுப்பின் மேல் உட்கார்ந்திருக்கிற தெய்வத்தைப் பார்த்து யாரும் பொறாமைப்பட மாட்டார்கள். இந்த டிவி தொடர் முழுக்க எனக்கு அதே வேலைதான். உட்கார்ந்த இடத்திலிருந்தே வருகிறவர் போகிறவரைத் திட்டுவேன். ஜனங்களுக்கு அது பிடித்துப்போய்விட்டது. மார்க்கெட்டில் மீன் விற்கிறவள் என்னைப் பார்த்து, "எங்க வீட்டுக்காரரை ஒரு தடவை வந்து திட்டிட்டுப் போங்கம்மா" என்று கூப்பிட்டாள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அரசாங்கப் பரீட்சை எழுதத் தலைநகருக்குக் கிளம்பிய முயோங் என்கிற பையன், வழியில் தாகத்துக்கு ஒரு வீட்டுக் கிணற்றில் எட்டிப் பார்த்தவன் உள்ளே விழுந்து செத்துப்போனான். கல்யாணம் ஆகாதவன். திதி கொடுக்க நாதியில்லை. யாராவது மனசாரப் படையல் போட்டு ஒரு வாய் சோறு வைக்கும்வரை அவனால் அந்த வீட்டை விட்டுப் போக முடியாது. இந்தக் காலத்தில் அந்த வீட்டை விடுதியாக்கலாம் என்று பொரா என்கிற பெண் வருகிறாள். முதல் வாரங்களில் அவன், "சோறு போடு, போயிடறேன்" என்று அவள் பின்னாலேயே அலைகிறான். பேய்க்குச் சமைக்க எனக்கு நேரமில்லை என்கிறாள் அவள். பிறகு என்ன, காதல்தான். கடைசி வாரங்களில் அவள் சோற்றுப் பானையைத் திறந்தாலே, எங்கே தனக்குப் படைத்துவிடுவாளோ என்று அவன் கொல்லைப்பக்கம் ஓடிவிடுகிறான்.

எப்படி முடிப்பது என்பதில்தான் தகராறு. முயோங் மனிதனாகிவிட வேண்டும், கல்யாணம் நடக்க வேண்டும், அடுத்த வருஷம் இரண்டாம் பாகம் வர வேண்டும் என்று டிவிக்காரர்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். எழுதுகிறவள் மேங் ஹேரிம். இருபது வருஷமாக நான் நடித்ததில் பாதி அவள் எழுதியதுதான். ஆரம்பத்தில் அவள், "பேய்னா போகணும். போகாத பேய்க்கு எதுக்குக் கதை?" என்று சொன்னவள். ஆனால் கடைசிக் காட்சியை எழுதாமல் இழுத்தடித்துக்கொண்டே இருந்தாள். எங்கள் தொழிலில் கடைசி வாரத்தில் பக்கங்கள் சுடச்சுட வந்து இறங்குவது வழக்கம்தான். இது அதற்கும் மேலே. படப்பிடிப்பு நடக்கிற நாள் மத்தியானம்தான் காகிதம் கைக்கு வந்தது.

டைரக்டர் பியோ படித்துவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் வாங்கிப் படித்தேன். பொரா சாயங்காலம் படையல் போடுகிறாள். சோறு, சூப், காய்ந்த மீன், இலந்தை, செஸ்ட்நட் கொட்டை, அரிசி மது, எல்லாம் அதனதன் இடத்தில். நட்டநடுவே ஒரு தட்டு பீச் பழம். முயோங் வருகிறான். வாசல் தாண்ட முடியவில்லை. அவள் உள்ளே, அவன் வெளியே. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். வெளிச்சம் குறைகிறது. முற்றும்.

படையலில் யாராவது பீச் வைப்பார்களா? பேயை விரட்டுகிற பழம் அது. அந்த வாடை இருக்கிற பக்கம் வீட்டுப் பெரியவர்களின் ஆவிகூட அண்டாது. எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் இது தெரியும்.

"ஜனங்க என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க மேடம்" என்றார் பியோ. "அவனை மனுஷனாக்குங்கன்னு ஒரு கூட்டம். நிம்மதியா அனுப்பி வைங்கன்னு ஒரு கூட்டம். இப்படி வாசல்ல நிக்க வைங்கன்னு யாருமே கேக்கல."

"எழுதினவகிட்ட சொல்றதுதானே?"

"சொன்னேன். கார் கண்ணாடியை ஏத்திக்கிட்டாங்க. நீங்க போய்ப் பேசுங்களேன். உங்க பேச்சைத்தான் கேப்பாங்க."

அவள் யார் பேச்சையும் கேட்கிறவள் இல்லை. ஆனாலும் போனேன், காரணம் எனக்கு வேறு. மூன்று வாரம் முன்பு ஹேரிமின் வீட்டுக்காரர் இன்சோக்குக்கு வருஷத் திதி நடந்தது. மனிதர் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். போன வருஷம் ஜூலையில் மாடிப்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பீச் என்றால் உயிர் அவருக்கு. அதிலும் தொட்டால் அமுங்குகிற வெள்ளை ரகம். தட்டில் வைத்தெல்லாம் சாப்பிட மாட்டார். அடுப்படித் தொட்டி முன்னால் நின்று, முழங்கை வரை சாறு வழிய, கடித்து உறிஞ்சுவார். அந்தத் திதியில் ஹேரிம் படையல் நடுவே பீச் வைத்திருந்தாள். இன்சோக்கின் தங்கை பார்த்துவிட்டு, "எங்கண்ணன் வாசல்லயே நிக்கட்டும்னு வெச்சிருக்கீங்களா அண்ணி?" என்று கேட்டாள். நமஸ்காரம்கூடப் பண்ணாமல் கிளம்பிப் போய்விட்டாள். பாவம், ஹேரிம் பட்டணத்திலேயே பிறந்து பேனாவோடு வளர்ந்தவள், அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தக் காகிதத்தைப் படிக்கும்வரை.

முயோங்காக நடிக்கிற தோக்யோமின் ரசிகைகள் படப்பிடிப்பில் எல்லோருக்குமாக ஒரு காபி வண்டி அனுப்பியிருந்தார்கள். 'முயோங் ஐயா, போகாதீங்க' என்று பெரிய பேனர். அதன் நிழலில் ஐஸ் காபியை வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றிருந்தாள் ஹேரிம். மெலிந்துபோயிருந்தாள்.

"பியோ அனுப்பினாரா அக்கா?"

"ஆமா. ஆனா அவருக்காக வரல. எனக்குக் கடைசி சீன்ல ஒரு வசனம்கூட இல்ல. அடுப்பு மேல உக்காந்து வேடிக்கை பாக்கவா இத்தனை நாள் இந்தச் சவுரியைச் சுமந்தேன்?"

"வேடிக்கை பாக்குறதுதானே தெய்வத்தோட வேலை."

"வாய் மட்டும் குறையல" என்றேன். பிறகு சுற்றி வளைக்காமல் கேட்டேன். "பீச் வெச்சா வர மாட்டாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அன்னிக்கு?"

"அன்னிக்கும் தெரியும்க்கா."

வண்டியில் ஐஸ் அரைக்கிற சத்தம் ஓயட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"அவர் வந்து சாப்பிட்டுட்டுப் போயிட்டா, செத்துட்டார்னு ஆயிடும்" என்றாள். "வராம இருந்தா, இன்னும் வரலை, அவ்வளவுதான். ஸ்கூல்ல மீட்டிங் இருந்தா லேட்டாகும்ல, அந்த மாதிரி."

"பசியோட நிப்பாரேடி."

"நிக்கட்டும். எங்க வாசல்லதானே நிக்கிறாரு." அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு என்ன தெரியும்? உங்க வீட்டுக்காரரை நீங்களே துரத்தி விட்டவங்க."

"துரத்தல. அவரா கிளம்பினாரு. நான் கதவைத் திறந்து விட்டேன். கிளம்பினவங்களுக்குச் செய்யற மரியாதை அது."

காபியை வண்டியின் மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அவளைப் புண்படுத்திவிட்டேன் என்று தெரிந்தது. அவளும் என்னைப் புண்படுத்திவிட்டாள் என்பதால் கணக்கு நேர் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மனசு ஆறவில்லை. தொடர் எப்படி முடிந்தால் எனக்கென்ன? இதுபோல் எத்தனையோ முடிந்திருக்கிறது. ஆனால் நாடு முழுக்கப் பார்க்கிற ஒன்றை இவள் இப்படி முடித்துவிட்டால், அப்புறம் வீட்டில் மட்டும் எப்படி மாற்றுவாள்? வருஷா வருஷம் அந்தப் பழத்தை வைப்பாள். வருஷா வருஷம் அந்த நல்ல மனிதர் வெளியே நிற்பார். இவளும் உள்ளே உட்கார்ந்து தேய்ந்துகொண்டே இருப்பாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

சாயங்காலம் ஆனது. வானம் சிவக்கிற சமயத்தில் ஒரே டேக்கில் எடுத்தாக வேண்டும். வெளிச்சம் போனால் போனதுதான், மறுநாள் ஒளிபரப்பு. ஹேரிம் மானிட்டருக்கு முன்னால் பியோவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நான் அடுப்பின் மேல் ஏறி உட்கார்ந்தேன்.

பொராவாக நடிக்கிற சேபோம் கெட்டிக்காரப் பெண். சோற்றில் கரண்டியை நிமிர்த்தி வைத்தாள். மதுக் கிண்ணத்தை ஊதுபத்திப் புகைக்கு மேல் மெல்லச் சுற்றினாள். கடைசியாகப் பீச் தட்டை எடுத்து நடுவில் வைத்தபோது அவள் விரல் ஒரு நொடி தயங்கியது. வாசலில் தோக்யோம் வந்து நின்றான். தொப்பியும் நீள அங்கியுமாக, முந்நூறு வருஷமாக யாரும் கூப்பிடாத முகத்தோடு. படியில் கால் வைக்கப் போனான், வைக்கவில்லை. அவள் பார்த்தாள். அவன் பார்த்தான். எழுதியிருந்தது அவ்வளவுதான். இனி வெளிச்சம் குறைய வேண்டியதுதான் பாக்கி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் எழுதினவர் வைத்த ஒரு வார்த்தையை நடிகர் மாற்றினாலே அன்றோடு பேர் கெட்டுப்போகும். நானே அப்படி மாற்றின பிள்ளைகளைப் பிடித்து ஏறு ஏறு என்று ஏறியிருக்கிறேன்.

அடுப்பை விட்டு இறங்கினேன். மரத்துப்போன கால், இறங்கும்போது லேசாகத் தடுமாறியது. அதுவும் படத்தில் இருக்கிறது. படையலுக்குப் போய், தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்தேன். பொராவைப் பார்த்து, "அடுப்படியில எனக்குன்னு யாராவது எதாவது வெச்சிருக்கீங்களா இத்தனை நாளா?" என்றேன். நின்றபடியே கடித்தேன். தட்டையும் எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டேன். வாசல் பக்கம் திரும்பி, "சூப்பு ஆறுது. வா" என்றேன்.

பியோ கட் சொல்லவில்லை. தோக்யோம் காலை எடுத்து வைத்தான். படி தாண்டி உள்ளே வந்தான். படையல் முன்னால், பரீட்சை எழுத உட்காருகிற பையனாக, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான். அதற்குப் பிறகு சேபோம் செய்ததை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் வீட்டில் செய்கிறதைத்தான் செய்தாள். வந்தவர் கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்று காகிதக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே வந்து தலைகுனிந்து நின்றாள். நேரம் போனது. பிறகு, உள்ளே வரப்போகிறேன் என்று சொல்வதற்காக மெதுவாக இருமினாள். கதவைத் திறந்தாள். தோக்யோம் பின்கட்டு வழியாக நழுவியிருந்தான். கரண்டி சாய்ந்திருந்தது. வேறு யாரும் இல்லை.

கட் என்று பியோ சொன்னபோது குரல் உடைந்திருந்தது. நான் பழக்கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இதோடு என் பிழைப்பு முடிந்தது என்று நின்றேன். ஹேரிம் எழுந்து என்னிடம் வந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இனிச்சுதா?"

"எங்க இனிக்குது? ஒரே காய். கேமராவுக்கு நிறம் போதும்னு வாங்கியிருக்காங்க."

"அவருக்குக் காய் பிடிக்காது" என்றாள். என் இடுப்பிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பாமலேயே பியோவிடம், "இதையே வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனாள். என்னிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

தொடர் முடிந்தது. பாதி ஜனங்கள் அழுதார்கள், மீதி ஜனங்கள் என்னைத் திட்டினார்கள். பழம் தின்னிக் கிழவி என்று எனக்குப் பேர் வந்தது. டிவிக்காரர்கள் இரண்டாம் பாகத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. ஹேரிம் வேறெதுவும் எழுதவில்லை என்று கேள்விப்பட்டேன். ஒரு தடவை போன் பண்ணினேன், எடுக்கவில்லை. நான் செய்தது தப்போ என்று குளிர்காலம் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுவருஷம் ஜூலையில் ஒருநாள் காலை, கூரியர்காரர் வாசலில் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போனார். அனுப்பினவர் மேங் ஹேரிம். திறந்தால் வெள்ளை பீச், தொட்டால் அமுங்குகிற ரகம், ஒவ்வொன்றும் தனித்தனிக் காகிதத் தொட்டிலில். காலண்டரைப் பார்த்தேன். மறுநாள் இன்சோக்கின் திதி. உடனே போன் பண்ணலாம் என்று எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். அடுப்படித் தொட்டி முன்னால் நின்று, முழங்கை வரை வழிய, ஒன்றைத் தின்றேன். அப்படி ஒரு இனிப்பு.

மறுநாள் சாயங்காலம் தாண்டி அவளே கூப்பிட்டாள்.

"பழம் வந்துதா அக்கா?"

"வந்துது. மூணு தின்னுட்டேன். வயிறு என்ன சொல்லுதோ பாக்கணும்."

சிரித்தாள். ஒரு வருஷத்துக்கு அப்புறம் கேட்கிற சிரிப்பு. "அவர் தங்கச்சி வந்திருந்தா. நமஸ்காரம் பண்ணினா."

"ம்."

"கதவைச் சாத்திட்டு ரெண்டு பேரும் வெளியில நின்னோம். நான்தான் இருமணும். ரொம்ப நேரம் இருமவே இல்லக்கா. அவ என்னைப் பாத்துக்கிட்டே நின்னா. பாவம், அவரு போன வருஷம் சாப்பிடல இல்லையா. நிதானமா சாப்பிடட்டும்னு நின்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இருமினேன்" என்றாள்.