எட்டு வருடமும் அம்மாவின் கையெழுத்து

கணக்குத் தேர்வின் முடிவு பிப்ரவரி ஒன்பதாம் தேதி தபாலில் வந்தது. நாற்பதுக்குப் பதினொன்று. மாவட்டத் தொழிற்பயிற்சிப் பள்ளியில் வெல்டிங் வகுப்பில் சேரக் குறைந்தது இருபத்தெட்டு வேண்டும். அரை மணி நேரம், கால்குலேட்டர் கூடாது. மார்ச் கடைசியில் இன்னொரு முறை எழுதலாம். அதுவும் போனால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதுதான்.

கோரா கடிதத்தை மூன்று முறை படித்தாள். மகள் மேரிட்டுக்குப் பதினாறு வயது. ஒரு நாளும் பள்ளிக்கூடம் போனதில்லை. முதல் எழுத்திலிருந்து எல்லாம் இந்தச் சமையலறை மேசையில் கோராவிடம்தான் படித்தாள். பதினான்கு வயதிலேயே தொழுவத்தின் உடைந்த இரும்புக் கதவைப் பற்றவைத்து நிறுத்தியவள். இயற்கணிதத்தை அப்பாவுக்கே விளக்குவாள்.

"வேற யாரோ பிள்ளையோட பேப்பர் மாறி வந்திருக்கு," என்றாள் கோரா.

"மாறலம்மா. நான் எழுதினது எனக்குத் தெரியாதா?"

"சரி, உக்காரு. நாப்பத்தெட்டை ஏழால பெருக்கு."

மேரிட் நாற்பத்தெட்டு எழுதினாள், கீழே ஏழு எழுதினாள், கோடு போட்டாள். பென்சில் அங்கேயே நின்றது. விட்டத்தைப் பார்க்கவில்லை, விரலை எண்ணவில்லை. கோராவின் வலது கையைப் பார்த்தாள்.

கோரா அந்தக் கையை மேசையிலிருந்து எடுத்தாள்.

மேரிட்டுக்கு எட்டு வயதில் எழுத்து மிக மெதுவாக வரும். "நீ வாயால சொல்லு, நான் எழுதறேன்" என்று கோரா பென்சிலை வாங்கிக்கொண்டாள். வீட்டில் பாடம் நடத்தும் பல அம்மாக்களும் செய்வதுதான். குழந்தை யோசிக்கட்டும், கை வலி எதற்கு? மேரிட் சொல்வாள்: "இதை அதால பெருக்கு, வந்ததைப் பன்னிரண்டால வகு." கோராவின் கை எழுதும், எழுதும் கை கேட்காமலே விடையையும் எழுதிவிடும். வழி முழுக்க மகளுடையது, கணக்கு முழுக்க அம்மாவுடையது. கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் எட்டு வருடமாகக் கோராவின் விரல் நுனியில் நடந்திருக்கின்றன. வீட்டுப் படிப்பை மேற்பார்வையிட வந்த அம்மையார்கூட நோட்டுகளைப் புரட்டிவிட்டு, "எவ்வளவு சுத்தமான எழுத்து!" என்று பாராட்டிவிட்டுத்தான் போனார்.

ஓட்டை எங்கே தொடங்கியது என்று பார்க்கக் கோரா பழைய நோட்டுப் பெட்டிகளை இறக்கினாள். ஒவ்வொரு நோட்டிலும் தன் கையெழுத்துதான், நடுவில் கோடு போட்ட தன் ஏழு. அடியில் கிடந்த நோட்டில்தான் மேரிட்டின் எண்கள் இருந்தன, கோணல்மாணலாக, ஒரு மூன்று திரும்பி நின்றுகொண்டு. ஏழு கழித்தல் கணக்குகள். கோரா ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஏழும் சரி.

ஓரத்தில் சிவப்பு மையில் அவளே எழுதியிருந்தாள்: "ஒரு மணி பத்து நிமிடம்! நாளையிலிருந்து நான் எழுதுகிறேன்." அப்போது கன்று ஈனும் மாதம், கொட்டிலில் வேலை தலைக்கு மேல் கிடந்தது. அந்தப் பக்கத்தை அவள் மேரிட்டிடம் காட்டவில்லை.

மறுநாள் காலையிலிருந்து தினம் இருபது கணக்கு. முதல் வாரத்திலேயே எது தெரியவில்லை என்பது தெளிந்தது: ஆறு, ஏழு, எட்டாம் வாய்ப்பாடுகளில் பதினைந்து பெருக்கல்கள், கடன் வாங்கிக் கழிக்கும்போது நடுவில் பூஜ்யம், பகுதி எண் வேறான பின்னங்கள். அந்தப் பதினைந்தையும் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார்கள். தெரிந்ததைத் தொடவில்லை.

கோராவுக்குத்தான் கை நிற்கவில்லை. ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று மகள் தப்பாக எழுதியதும் பென்சிலைப் பிடுங்கிவிட்டாள்.

"அம்மா! அது என் பென்சில்."

"தெரியாம..."

"கையைக் கட்டிப் போடு. இல்லாட்டி கயிறு கொண்டு வரவா?"

அன்றிலிருந்து கோரா இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் கணவன் வெர்ன் காப்பியோடு உள்ளே வந்து பார்த்தான்.

"என்ன கோரா, அடை உக்காந்திருக்கியா? எப்பக் குஞ்சு பொரியும்?"

"மார்ச் இருபத்தெட்டுக்கு, அப்பா," என்றாள் மேரிட், தலை நிமிராமல். "பேசாதே, கணக்கு விட்டுப் போயிடும்."

ஆறு வாரத்தில் தவறுகள் ஏறக்குறைய நின்றன. வேகம் மட்டும் வரவில்லை. எட்டு வயதில் விட்ட இடத்திலிருந்துதான் கை நடந்தது.

இரண்டாம் தேர்வன்று கோரா வண்டியிலேயே காத்திருந்தாள். மேரிட் வந்து கதவைச் சாத்தினாள். அங்கேயே திருத்திக் கொடுத்துவிட்டார்கள்.

"இருபத்தாறு."

கோரா வண்டிச் சாவியிலிருந்து கையை எடுத்தாள்.

"போட்டது இருபத்தாறும் சரிம்மா. ஒண்ணுகூடத் தப்பில்ல. மீதி பதினாலை நான் தொடவே இல்ல. மணி அடிச்சிடுச்சு."

"ரெண்டே ரெண்டு கணக்கு..."

"ம். இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்திருந்தா."

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகு கோரா சொன்னாள்: "நான்தான்டி உன் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கிட்டேன். எட்டு வயசுல நீ எல்லாம் சரியாத்தான் போட்டுட்டிருந்த. மெதுவா இருந்தே, அவ்வளவுதான். எனக்குத்தான் பொறுமையில்ல. மன்னிச்சுக்கோ."

மேரிட் கண்ணாடி வழியாகத் தொழுவக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை அப்பவே சொல்லியிருக்கலாம்," என்றாள். கோபமா என்று குரலில் தெரியவில்லை. இறங்கிப் போய்விட்டாள்.

ஏப்ரலில் அடுத்த வருடத் தேர்வுக்கான படிவம் வந்தது. கோரா மேசையில் அதை விரித்துப் பேனாவை எடுத்து, பெயர் என்ற கட்டத்தில் முதல் எழுத்தைப் போட்டும்விட்டாள். எதிரே மேரிட் அவள் கையைப் பார்த்தாள்.

கோரா பேனாவை வைத்துவிட்டுப் படிவத்தை மேரிட் பக்கம் திருப்பித் தள்ளினாள்.

மேரிட் எழுதத் தொடங்கினாள். பெயர், பிறந்த நாள், முகவரி. ஒவ்வொரு எழுத்தும் பதிந்து இறங்கியது. கோராவின் காப்பி ஆறிப்போனது.

"இன்னும் ஒரு பக்கம் இருக்கும்மா. உனக்குக் கொட்டில்ல வேலை இல்லையா?"

"இருக்கு," என்றாள் கோரா, தொடைக்கடியிலிருந்து கையை எடுக்காமல். "நீ எழுது."