மரை பிடிபடாத விரல்கள்

இப்போதெல்லாம் யாரும் கையில் இருக்கும் சீட்டைப் படிப்பதில்லை. ஆளைப் பார்த்ததுமே முடிவு கட்டிவிடுகிறார்கள். மார்பகப் புற்றுநோய்ப் பிரிவுக்கு நான்கு மாதமாக ஊசிக்குப் போகிறேன். இன்றும் சீட்டு வாங்குகிற பெண், "உங்க வீட்டம்மாவ உள்ள வரச் சொல்லுங்கய்யா" என்றாள். வீட்டம்மா போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். கட்டி எனக்குத்தான் என்றேன். திருட்டுச் சீட்டோ என்பது மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஆம்பளைக்கும் வருமாம். வெளியூரில் இருக்கும் மகளிடம் நெஞ்சில் சளி என்று சொல்லிவைத்திருக்கிறேன். மற்றவர்களிடம் அதுகூட இல்லை.

நான் குழாய் ரிப்பேர் பார்ப்பவன். கழுவுதொட்டிக்குப் பின்னால், கண் போகாத இடத்தில், கைதான் பார்க்கும். நட்டின் மரை நேராக ஏறுகிறதா, கோணலாக ஏறுகிறதா என்று விரல் சொல்லும். முதலில் போட்ட ஊசி முடிந்து, இப்போது வாரா வாரம் போடும் இந்த இரண்டாவது ஊசி ஐந்து ஆனதும் விரல் பேச்சை நிறுத்திவிட்டது. போன வாரம் ஒரு வீட்டில் நட்டைக் கோணலாக முறுக்கிவிட்டேன். சமையலறை முழுக்கத் தண்ணீர். வீட்டுக்காரர் திட்டவில்லை. வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்.

இன்னும் ஏழு ஊசி பாக்கி. விரல் போன பிறகு நான் எதற்கு? ஊசியை விட்டுத் தொலைக்கலாம் என்றுதான் அதே ஆஸ்பத்திரி மாடியில் இருக்கும் இயற்கை மருத்துவரிடம் போனேன். அவர்கள் ஊசிக்கு எதிரி, தழையைக் கொடுத்து அனுப்புவார்கள் என்று நினைப்பு. கடையில் வாங்கிய பச்சைப் பொடியைப் பத்து நாளாகக் குடித்தும் வந்தேன்.

அந்த டாக்டருக்கு என் மகள் வயசு. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பஞ்சால் தொடும்போது சொல்லுங்கள் என்றார். காத்துக்கொண்டே இருந்தேன். கண்ணைத் திறந்தால் என் விரல் நுனிகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

பொடி டப்பாவைக் காட்டினேன். ஊசியோடு இது ஒத்துப்போகுமா என்று தெரியாது, நிறுத்துங்கள் என்று தள்ளிவைத்தார்.

"அப்ப ஊசிய நிறுத்திட்டு உங்க வைத்தியத்த மட்டும் பாத்துக்கறேன்."

"என் வைத்தியத்துல கட்டி கரையாதுய்யா. கீழ ஊசி போடுற டாக்டர்கிட்ட விரல் மரத்துப்போச்சுன்னு சொன்னீங்களா?"

"அவர் கேக்கல."

"நல்லாருக்கு. ஒழுகுதுன்னு சொல்லாத வீட்டுக்கு நீங்க போய்க் குழாய் மாத்துவீங்களா?"

டாக்டர் அங்கிருந்தே கீழே போன் போட்டார். இந்த வாரம் ஊசி வேண்டாம், அடுத்த வாரம் பார்த்து அளவைக் குறைக்கலாம் என்று பதில் வந்தது. விரல் திரும்புமா என்றேன். பலருக்கு மெதுவாகத் திரும்பும், சிலருக்கு முழுசாக வராது என்றார். ஆறுதலுக்காவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

பிறகு பக்கத்து அறையைக் காட்டினார். விரல் பயிற்சி, மூச்சுப் பயிற்சி. தலையில் துணி கட்டிய பத்துப் பெண்கள் பாயில் உட்கார்ந்து எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது. ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள்.

"வாங்கண்ணே. இங்க எல்லாருக்கும் ஒரே கதைதான்."

ஒரே கதையாம். மூச்சை இழுத்து விட்டால் விரலுக்கு உணர்ச்சி எந்த வழியாக வரும்? அதை யாரும் விளக்கவில்லை. அடுத்த வாரம் ஊசிக்கு வருகிறேன் என்று டாக்டரிடம் மட்டும் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.