காசிக்குப் புறப்பட்ட சமையலறை

வேதாந்தத்தின் மனைவி ஜெயலக்ஷ்மி வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். அடுத்தவர் சமைத்தது அவள் ஆசாரத்துக்கு ஆகாது. அதனால் கல்யாணமானதிலிருந்து அவள் போன மிக நீண்ட பயணம் காஞ்சீபுரம். அதிலும் பசி தாங்காமல் மத்தியானமே மயிலாப்பூருக்குத் திரும்பிவிட்டாள். அப்பேர்ப்பட்டவளுக்குக் காசி பார்க்க ஆசை. ரிட்டயர் ஆனதும் கூட்டிப்போவதாக வேதாந்தம் வாக்குக் கொடுத்திருந்தார். தொண்ணூற்று நாலில் ரிட்டயரும் ஆகித் தொலைத்தார்.

அப்போதுதான் கிண்டியில், பொன்னுரங்கத்தின் மெக்கானிக் ஷெட்டில், அந்த வேன் அவர் கண்ணில் பட்டது. ஒரு ஜெர்மன் தம்பதி அதில் உலகம் சுற்ற வந்து, திருவண்ணாமலையில் ஆளுக்கொரு சாமியாரிடம் சேர்ந்து, வண்டியைத் துறந்திருந்தார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி.

"வயசானாலும் ஜம்முனு கீது சாமி. மாமி சமைச்சிக்கினே வரட்டும், நான் ஓட்டிக்கினே போறேன்," என்றான் பொன்னுரங்கம்.

அவ்வளவு பழைய வண்டிக்கு எந்த பாங்கும் கடன் தரவில்லை. கடைசியில் தி.நகரில், பாத்திரக்கடை மாடியில் ஃபைனான்ஸ் நடத்திய நெடுஞ்செழியனிடம் போனோம். ஜாமீன் கையெழுத்துக்கு, பக்கத்து வீட்டுக்காரனான நான். நெடுஞ்செழியனின் அப்பா பகுத்தறிவுக் கூட்டங்களுக்கு மைக் செட் கட்டியவர். மகன் ராகுகாலத்தில் டெலிபோனைக்கூட எடுக்க மாட்டான்.

"இருபது வருஷத்து வண்டிக்கு நயா பைசா கிடையாது சார். இருபது வருஷத்து வீடுன்னா தாராளமா தரலாம். உங்க வண்டில படுக்க இடம் இருக்கு, அடுப்பு இருக்கு, கதவு இருக்கு. வேற இன்னா வேணும்? வீடுதான்."

"சக்கரம் இருக்கே?" என்றேன்.

"அது அஸ்திவாரம்."

ஒரே நிபந்தனை. பசுமாட்டை உள்ளே ஏற்றி, பால் காய்ச்சி, முறையாகக் கிரகப்பிரவேசம் செய்யவேண்டும். அது நடக்காத வீட்டை அவன் ஈடாக எடுத்ததில்லை.

அடையாறில் இன்ஷூரன்ஸ் ஆபீசர் கரீமுல்லா வேனைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தார். "வீடுன்னு எழுத முடியாது சார். வீடு ஹாரன் அடிக்காது," என்று மோட்டார் வண்டி பாலிசியே போட்டார். ஆக தி.நகரில் அது வீடு, அடையாறில் வண்டி.

கிரகப்பிரவேசத்துக்கு மாடு வாடகைக்கு விடுகிற பேச்சியம்மாள், ஜானு என்ற பசுவை, வேதாந்தம் குடியிருந்த தெற்கு மாடவீதிக்கு ஓட்டிவந்தாள். மூன்றாவது மாடி ஃபிளாட் வரைக்கும் படியேறிப் பழகிய மாடு அது. பலகை வைத்ததும் மரியாதையாக வேனுக்குள் ஏறியது. தரைத் தகடு முழுக்கத் துரு. நாலு காலும் அதைப் பொத்துக்கொண்டு தார் ரோட்டில் இறங்கின. ஜானு மிரளவில்லை. கால் ரோட்டில் பட்டதும் நடக்க ஆரம்பித்தது, வேனையும் கூட்டிக்கொண்டு. நான் நேரில் பார்த்தேன். பார்க்காததை நான் சொல்வதில்லை.

"சாமி! எஞ்சினே போடல, போய்க்கினு கீது!" என்று ஸ்டீரிங்கில் இருந்த பொன்னுரங்கம் அலறினான்.

"பிரேக்கைப் போடுடா!" என்றார் வேதாந்தம்.

"மாட்டுக்கு ஏது சாமி பிரேக்கு?"

உள்ளே பால் காய்ச்சிக்கொண்டிருந்த ஜெயலக்ஷ்மி ஜன்னலில் தலையை நீட்டினாள். "ஏன்னா, காசிக்கே பொறப்பட்டாச்சா? சொல்லப்படாதோ? நான் மாத்துப்புடவைகூட எடுத்து வெச்சுக்கலையே!"

முனை திரும்பும்போதெல்லாம் பொன்னுரங்கம் முறையாக இண்டிகேட்டர் போட்டான். வடக்கு மாடவீதியில், தினமும் கீரைக்கட்டு கிடைக்கிற கடை வாசலில், ஜானு நின்றது. விளக்குக் கம்பத்தில் மோதி வேனின் மூக்கு சப்பையாயிற்று.

கரீமுல்லா வந்து பார்த்தார். "எஞ்சின் ஓடிச்சா?"

"இல்லை," என்றார் வேதாந்தம்.

"அப்ப யார் இழுத்தது?"

"மாடு."

"அப்ப இது மாட்டு வண்டி சார். அதுக்கு நாங்க பாலிசி போடலியே."

இன்ஷூரன்ஸ் கைவிரித்தது தெரிந்து நெடுஞ்செழியன் பறந்துவந்தான். "தரையில்லாத வீட்டை வெச்சா என் பணத்த வாங்கினீங்க? ஜப்தி! மாட்டை எறக்குங்க!"

ஜானு அதற்குள் காலை மேலே இழுத்துக்கொண்டு, கட்டிலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"எறக்கு நைனா, யார் வாணாங்கறா?" என்றாள் பேச்சியம்மாள். "ஆனா பால் பொங்குன வூட்லேந்து பசுவ வெரட்டுனா வூட்டுக்காரனுக்கு ஆவாது. ஜப்தி பண்ணிட்ட இல்ல? இப்ப வூட்டுக்காரன் நீதான்."

நெடுஞ்செழியன் மாட்டைப் பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ராகுகாலம் வேறு. போனவன் திரும்பவில்லை.

"காசிக்குன்னு கிளம்பிட்டுக் கீரைக்கடையோட திரும்பினா ஊர் சிரிக்கும். ரயில்ல பட்டினியாவே வரேன், டிக்கெட் வாங்குங்கோ," என்றாள் ஜெயலக்ஷ்மி. நானும் கூடப் போனேன். ஜாமீன் போட்டவன் கடன் வாங்கியவனை வெளியூருக்குத் தனியே அனுப்பலாமா?

கூடூர் ஸ்டேஷனில் வடை வாசனை ஜன்னல் வழியே வந்தது. ஜெயலக்ஷ்மி வடைக்காரனைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். "எண்ணெயில பொரிச்சதுக்கு தோஷமில்லை," என்றாள். விஜயவாடாவில் இட்லிக்கும் தோஷமில்லை என்று தெரியவந்தது. அதற்கப்புறம் என் பொட்டலத்தை மடியில் வைத்துக் காவல் காக்கவேண்டியிருந்தது.

காசிக்குப் போனால் ஆசைப்பட்ட ஏதாவது ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும் என்பது வழக்கம். வேதாந்தம், பிறந்ததிலிருந்து தொடாத பாகற்காயை விட்டார். ஜெயலக்ஷ்மி கங்கையில் மூன்று முழுக்குப் போட்டு, சமைப்பதை விட்டாள்.